அனுமதிக்குக் காத்திருந்த கட்டில்

பகலில் பல் டாக்டரின் முன்னறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள், மற்ற நேரமெல்லாம் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை ஆண்டுகொண்டிருந்தாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கிரீடம் கிடையாது, சம்பளம் கிடையாது. கையில் ஒரு ஃபோன், அதன் கண்ணாடியில் ஒரு கீறல், அவ்வளவுதான். 'வேணுமா, எடுத்துக்கோ' என்பது குழுவின் பெயர். வீட்டில் வேண்டாத பொருளைப் படம் பிடித்துப் போடலாம். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். காசுப் பேச்சு மட்டும் கூடவே கூடாது. அந்தக் குழுவுக்கு அவள்தான் அட்மின். அவள் சொந்தப் பெயர் அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, அட்மின் அக்கா என்றால் தெரியாதவர் கிடையாது. பஸ் ஓட்டுகிற வீட்டுக்காரர்கூடக் கோபம் வந்தால், "சரிங்க அட்மின்" என்றுதான் சொல்வார்.

எல்லாம் ஒரு பழைய பீரோவில் ஆரம்பித்தது. பழைய சாமான்காரரே அதைத் தூக்கக் கூலி கேட்டார். அக்கா வெறுத்துப்போய், தெரிந்தவர்கள் இருபது பேருக்குப் படம் அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் யாரோ ஒரு டீக்கடை மாஸ்டர் தன் மச்சினனோடு வந்து, நாலு தடவை நன்றி சொல்லி, பீரோவைத் தூக்கிக்கொண்டு போனார். தன் வீட்டுக் குப்பைக்கு நன்றி கிடைக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. ருசி கண்டுவிட்டாள்.

இலவசமாகக் கொடுப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் அவள் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவர் பாதி தீர்ந்த ஷாம்பு பாட்டிலைப் போட்டு, 'நல்ல மனம் படைத்தவர்களுக்கு மட்டும்' என்று எழுதுவார். ஒருத்தி சோபா கொடுப்பாள், சோபாவைச் சீந்த ஆள் இருக்காது, படத்தில் பின்னால் தெரிகிற டேபிள் ஃபேனை மட்டும் பத்துப் பேர் கேட்பார்கள். பொருள் போய் ஒரு மாதம் கழித்து, "இன்னும் இருக்கா?" என்று ஒருவர் தூங்கி எழுந்து வருவார். இடுப்பைக் குறைக்கிற ஓட்டப்பயிற்சி மெஷின் ஒன்று எட்டு வீடு மாறிவிட்டது. அதன் மேல் யாரும் ஓடவில்லை, எல்லா வீட்டிலும் துண்டு காயப்போட்டார்கள்.

உச்சக்கட்டம் துணி ஸ்டாண்டு விவகாரம். இரண்டாவது மாடி வாசலில் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் எழுதினார். எடுக்க வந்த மனிதர் எதிர் வீட்டு வாசலில் இருந்த ஸ்டாண்டை, காய்ந்துகொண்டிருந்த ஈரத் துணிகளோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். துணியும் சேர்த்துத்தான் தானம் என்று அவர் நினைத்தாராம். எதிர் வீட்டுக்காரர் போலீசுக்குப் போகிறேன் என்று குதித்தார். அக்கா நடுவில் புகுந்து, ஸ்டாண்டை மீட்டுக் கொடுத்தாள். எடுத்தவர் நல்லவர்தான். துணிகளைக் காயவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எதிர் வீட்டுக்காரர் கோபத்தை மறந்து, "அடுத்த வாரமும் வருவாரா?" என்று கேட்டார்.

இத்தனைக்கும் பிறகுதான் அக்கா சட்டம் போட்டாள். இனி எந்தப் பதிவும் நேராகக் குழுவுக்குப் போகாது, முதலில் அவள் ஃபோனுக்கு வரும். பொருள் முழுசாகத் தெரிய வேண்டும். நீளம் அகலம் சொல்ல வேண்டும். கறை, கீறல், ஆட்டம் எதையும் மறைக்கக் கூடாது. எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று எழுத வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 'அனுமதி', இல்லாவிட்டால் 'நிராகரி', கூடவே ஒரு வரி காரணம். கன்னம் வீங்கிய நோயாளிகள் டோக்கனுக்காகத் தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அக்கா ஒரு பிளாஸ்டிக் வாளியின் கைப்பிடி உடைந்திருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சுக்கு ஓர் உதவி அட்மின் உண்டு. தெருமுனை டெய்லர். பாவம், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர், அதனாலேயே அக்கா அவரை எதையும் தொட விடமாட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அனுமதிக்கு ஒரு படம் வந்தது. இரட்டைக் கட்டில். தலைமாட்டில் கொடி செதுக்கியது, கீழே இரண்டு இழுப்பறை. போட்டவர் படத்துக்குப் பதிலாக ஒரு குடை. பெயர் ஏதோ இரண்டு எழுத்து. குழுவில் வேறு யாருக்கும் அது யாரென்று தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அந்தக் குடையைக் குழுவில் சேர்த்ததே அவள்தான். அது அவள் மகள்.

கட்டிலையும் தெரியும். புதிதாக எதையும் வாங்காதீர்கள், இருப்பதைப் பகிருங்கள் என்று நாள் தவறாமல் எழுதுகிறவள், மகள் கல்யாணத்துக்கு மட்டும் கடை கடையாக ஏறி இறங்கிப் புத்தம் புதிதாக வாங்கிய கட்டில். குழுவில் மூச்சு விடவில்லை. மாப்பிள்ளையும் அவள் பார்த்த மாப்பிள்ளைதான். பல் டாக்டரிடம் வருகிறவர்களிடமெல்லாம், வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற தைரியத்தில், மாப்பிள்ளை புராணம் பாடியிருக்கிறாள்.

'இரட்டைக் கட்டில். நல்ல நிலையில். வந்து எடுத்துக்கொள்ளவும்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

அக்கா அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனை இரட்டைக் கட்டில்களைப் பார்த்திருக்கிறாள்! வீடு மாறுகிறவர்கள் போடுவார்கள், வேறு கட்டில் வாங்கியவர்கள் போடுவார்கள். அவர்களெல்லாம் வாய் ஓயாமல் காரணத்தையும் சேர்த்து எழுதுவார்கள். ஒரு வரியில் முடிக்கிறவர்கள் வேறு ரகம். அவர்களிடமிருந்து அடுத்த வாரமே ஜோடி தலையணையும், கல்யாணப் பரிசாக வந்து பிரிக்காமலே இருந்த விருந்துத் தட்டுகளும் வரும். அதைப் பார்த்து, "ஐயோ பாவம், எந்த வீட்டுப் பொண்ணோ" என்று உச்சுக்கொட்டிவிட்டு அனுமதி கொடுத்திருக்கிறாள்.

இப்போது விரல் 'அனுமதி'க்குப் போகவில்லை. 'நிராகரி'யை அழுத்தினாள். காரணம்: படம் தெளிவாக இல்லை.

படத்தில் ஆணிகளைக்கூட எண்ணலாம். ஆனால் அந்த ஒரு வரியை அனுப்பியதும் மூச்சு சீரானது. அனுமதி கொடுக்காத வரைக்கும் கட்டில் மகள் வீட்டில்தானே இருக்கும்? கட்டில் இருக்கிற வரைக்கும் குடும்பம் கலையவில்லை என்றுதானே அர்த்தம்? அட்மின் பதவி வந்தபின் எதையும் ஒரு பொத்தானில் நிறுத்திவிடலாம் என்ற நினைப்பு அவளுக்கு வந்திருந்தது.

மத்தியானம் புதுப் படம் வந்தது. ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வரவைத்து எடுத்தது. அக்கா எழுதினாள்: நீள அகலம் குறிப்பிடவில்லை. சாயங்காலத்துக்குள் நீள அகலம் வந்துவிட்டது, கேட்காத உயரமும் சேர்ந்து. கறை, கீறல் பற்றிச் சொல்லவும். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது: வலது கால் பக்கம் சின்னக் கீறல், கறை இல்லை. எத்தனையாவது மாடி? மூன்றாவது. லிஃப்ட்? உண்டு, ஆனால் கழற்றினால்தான் நுழையும். ஒவ்வொரு கேள்விக்கும் மகள் முகம் சுளிக்காமல் பதில் எழுதிக்கொண்டே வந்தாள். இப்படி ஓர் ஒழுங்கான உறுப்பினர் குழுவில் வேறு யாரும் இல்லை என்பது, அந்த நிலைமையிலும் அக்காவுக்குத் தோன்றாமல் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் படத்தைக் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"நம்ம கட்டில்தானே இது? ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடேன்."

"எனக்குக் கேக்கத் தெரியாதா? சும்மா இருக்கறவளைக் கிளறி விட்ட மாதிரி ஆயிடும். எல்லாம் தானா சரியாயிடும்."

"அப்போ நேர்ல போயிட்டு வா."

"போனா என்னன்னு கேப்பா. என்ன சொல்றது?"

"பெத்தவ பொண்ணைப் பாக்கப் போறதுக்குக் காரணம் வேற சொல்லணுமா?" என்றார் அவர். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. மரம் என்ன மரம் என்று கேட்டாள். வாங்கி எத்தனை வருஷம் என்று கேட்டாள். தானே பில் கட்டி வாங்கிய கட்டிலுக்கு! அதற்கும் பதில் வந்தது.

வியாழக்கிழமை டாக்டருக்குக் கூட்டம் தாங்கவில்லை. அக்கா ஃபோனைப் பையில் போட்டுவிட்டு டோக்கனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மூச்சுவிட நேரம் கிடைத்து எடுத்துப் பார்த்தபோது டெய்லரிடமிருந்து செய்தி இருந்தது: "அக்கா, ஒரு கட்டில் திங்கட்கிழமைலேர்ந்து நிலுவையில் கிடந்தது. நீங்க கேட்ட எல்லாமே எழுதியிருந்தாங்க. நீங்க வேலையா இருப்பீங்கன்னு நானே அனுமதி போட்டுட்டேன்."

நல்லது செய்கிறேன் பேர்வழி என்று சிலர் இப்படித்தான் கிளம்புவார்கள். அக்கா குழுவைத் திறந்தாள். கட்டிலை ஈ மொய்ப்பது போல மொய்த்திருந்தார்கள். எனக்கு வேணும், எனக்கு வேணும் என்று முப்பது பேர். "புதுசா கல்யாணம் ஆனவங்க, தரையில படுக்கறோம்" என்று ஒரு ஜோடி. "இவ்வளவு நல்ல கட்டிலை யார் கொடுப்பா? என்ன பிரச்சினையோ?" என்று ஒரு மகராசி. அந்த மகராசியை அக்காவுக்குக் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

பதிவின் கீழே எழுதினாள்: 'இந்தப் பொருள் கொடுக்கப்பட்டுவிட்டது. யாரும் கேட்க வேண்டாம். அட்மின்.' இதே பொய்யை எழுதியதற்காக எத்தனை பேரைக் குழுவை விட்டுத் தூக்கியிருக்கிறாள்!

அடுத்த நிமிஷமே குடை பதில் எழுதியது: 'இல்லை. கட்டில் இன்னும் இங்கேதான் இருக்கிறது. அட்மினுக்குத் தெரியாவிட்டால் வந்து பார்க்கட்டும்.'

அட்மின் அக்காவை எதிர்த்து இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. முதலில் ஒருவர் சிரிக்கிற பொம்மை முகத்தைப் போட்டார். தைரியம் வந்து இன்னும் நாற்பது பேர் போட்டார்கள். சாம்ராஜ்யம் அரை மணியில் சரிந்துகொண்டிருந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. அடுத்த டோக்கன் யாருடையது என்று கேட்ட நர்ஸிடம், "நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தே இருந்தது. கூடத்துச் சுவரில் டிவி இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் சதுரமாகத் தெரிந்தது. மாட்டியிருந்த சட்டைகளில் ஆண் சட்டை ஒன்றுகூட இல்லை. படுக்கையறையில் மகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வளைந்த சாவி ஒன்றை வைத்துக் கட்டிலின் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பாதி கழற்றியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், ஆச்சரியப்படவில்லை.

"வந்துட்டியா? அந்தப் பக்கம் பிடி. சாஞ்சிடும்."

அக்கா பையை இறக்கிவிட்டுத் தலைமாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். கனமாக இருந்தது. கடையில் இதே கனத்தைத்தான் பெருமையாகத் தட்டிப் பார்த்து வாங்கியிருந்தாள்.

"மாப்பிள்ளை எங்கே?"

"போயி ரெண்டு மாசம் ஆகுது. நான் ஆபீஸ் பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன். அதுல இது நுழையாது."

"ரெண்டு மாசமா? ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? யாரோ மாதிரி குரூப்ல கொண்டுபோய்ப் போட்டியே. அம்மா செத்தா போயிட்டேன்?"

மகள் போல்ட்டைத் திருகுவதை நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அக்காவுக்குச் சமாளிக்கத் தெரியும்.

"ஃபோன்ல மூணு தடவை ஆரம்பிச்சேம்மா. ஒரு தடவை, இரு, குரூப்ல ஒருத்தி சண்டை போடறான்னு வெச்சிட்டே. இன்னொரு தடவை ஏதோ வாளி. அப்புறம் யோசிச்சேன், அம்மா எதுக்கு உடனே பதில் சொல்லுவான்னு. அதான் போஸ்ட் போட்டேன். நெனச்ச மாதிரியே உடனே பதில் வந்தது. படம் தெளிவா இல்லன்னே, எடுத்து அனுப்பினேன். நீளம் அகலம் கேட்டே, டேப் வெச்சு அளந்து சொன்னேன். கறை கேட்டே, மாடி கேட்டே, மரம் கேட்டே. ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதும்போது, சரி, அடுத்தது அதைக் கேப்பா, அடுத்தது அதைக் கேப்பான்னு உக்காந்திருந்தேன்."

ஊர் உலகத்துக்கெல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவளுக்கு அழுகைதான் வந்தது. பலகையை விட்டால் மகள் மேல் சாய்ந்துவிடும் என்பதால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடைசியில் கேட்டாள்.

"நீ எப்படிடி இருக்கே?"

மகள் சாவியைத் தரையில் வைத்தாள்.

"நல்லா இல்லம்மா" என்றாள்.