கயிறில்லாமல் ஓர் அம்பா

கனடாவின் கிழக்குக் கரையில் பிரெஞ்சு பேசும் அகாடியர் என்றொரு சனம் இருப்பது மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்களில் ஒரு பாடகர் நாட்டுப் பாட்டையும் கிற்றாரையும் கணினி ஒலிகளோடு கலக்கிறாராம்.

"அவையளும் கடல் ஆக்கள்தான் அம்மா. நாங்களும் செய்யலாம்" என்றாள்.

அம்பாவை எடுத்தாள். வலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ" என்று பதில் சொல்லும் பாட்டு அது. எங்கள் கரையில் அடியெடுப்பவர் என் கணவர்.

கோயில் திருநாள் மேடையில் பாட இடம் கிடைத்தது. பதில் வரவேண்டிய இடங்களை அவள் வெறுமையாகவே விட்டிருந்தாள். "சனம் சொல்லும். எங்கட ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்க வேணுமே?" கயிறு கையில் இல்லாமல் அம்பா பாடக்கூடாது என்பது கரை வழக்கம். கணவர் ஓமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

முதல் அடியைப் பாடி நிறுத்தினாள். கீழே வலைக்காரர் எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கணினித் தாளம் மட்டும் தனியே போனது. இரண்டாம் அடிக்கும் அப்படியே. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி உரத்துக் கேட்டார்:

"பிள்ளை, உந்த மிசின் வலையும் இழுக்குமோ?"

"கரண்ட் இருந்தால் இழுக்கும் அண்ணை!" என்றான் ஒருவன். இன்னொருவன் கழுதைபோலக் கத்தினான். அவளுக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான்.

பொறுக்க முடியாமல் நான் "ஏலேலோ" என்று கத்தினேன். குரல் பிசிறி, தாளத்துக்குப் பிந்தி விழுந்தது.

"தாயும் வலைக்கு வாறாவாம்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கணவர் அவர்களுக்கு நடுவில் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அம்மா, நிப்பாட்டுங்கோ" என்று மகள் மைக்கிலேயே சொன்னாள். கணினியை மூடினாள்.

மறுநாள் விடியக் கரையிலிருந்து கணவர் அடியெடுக்கும் குரல் கேட்டது. அதே ஆட்கள் அவருக்கு வாய் நிறையப் பதில் சொன்னார்கள். அடுப்படி வாசலில் நின்ற மகள் கேட்டாள்: "அப்பாவுக்கு நேற்று என்ன, தொண்டை அடைச்சதோ?"

"அவர் அந்தச் சம்மாட்டியின்ர வலையிலதானே நிக்க வேணும் பிள்ளை."

வெயில் ஏறக் கணவர் வந்தார். கையில் பெரிய பாரை ஒன்று.

"சம்மாட்டி தந்தவர். பிள்ளைக்குக் குழம்பு வைச்சுக் குடுக்கட்டாம்."

மகள் மீனைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள்.

"நல்லாச் சாப்பிடுங்கோ அப்பா" என்றாள். "உழைச்சது நீங்கள்தானே."