கொஞ்சம் இங்கே பாருங்கம்மா

நான் எடுத்த அந்தக் காணொளியில் என் குரல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. மொத்தம் மூன்று சொற்கள். கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணிதம் நடத்தியவன் நான். அவ்வளவு காலம் பேசியதில் யாருக்கும் பெரிய நன்மையோ தீமையோ விளைந்ததாக நினைவில்லை. இந்த மூன்று சொற்கள் மட்டும் ஒருவருடைய வேலையைப் பறித்தன.

ஓய்வு பெற்ற பிறகு பழைய மாணவர்களுக்காக வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். பெயர் 'ஒருமுகம்'. கைபேசிக் காலத்தில் மனம் சிதறாமல் ஒரு வேலையில் ஆழ்ந்து தேர்ச்சி பெறுவது எப்படி என்று தினமும் காலையில் ஒரு குறிப்பு போடுவேன். எழுத இருபது நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு யார் கைகூப்பினார்கள், யார் படித்துவிட்டும் பேசாமல் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். ஒரு நாள் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மனைவி குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது பால் அடுப்பிலிருந்து தரைக்கு இறங்கியிருந்தது.

"என்னா எழுதிகினு இருந்தீங்க?" என்றாள்.

கவனத்தைப் பற்றி என்றேன்.

"அப்ப சரி" என்று துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

குழுவில் ஒரு மாணவர், பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருப்பவர், நிஜ வாழ்க்கையில் இப்படிக் கவனம் சிதறாமல் வேலை செய்பவர் யாராவது உண்டா என்று கேட்டார். கேள்வியில் லேசான கேலி இருந்தது. எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் ஆரணியில் எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் இருக்கும் ஓர் அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பட்டுத் தறிகளுக்குப் பாவு பிணைக்கிறவர்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள். ஒரு பாவு நெய்து முடியும் இடத்தில், பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இதில் ஒன்று, அதில் ஒன்று, ஒரு முறுக்கு. முடிச்சு கிடையாது. ஆயிரக்கணக்கான இழைகள். வாயால் எண்ணுவதும் கிடையாது. பழையது எத்தனையோ புதியதும் அத்தனை. கடைசியில் இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் தீர வேண்டும். அவர் கையில் எப்போதும் தீர்ந்தது. அதனால்தான் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் பல வீடுகளுக்குப் பாவு கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி ஒருவர், வேறு யாரையும் தேடாமல் இவரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "எடுத்துக்குங்க சார். கம்முனு எடுங்க, அவ்ளோதான். பேச்சு குடுத்தா பேஜாரா பூடும்" என்றார்.

முள்ளிப்பட்டில் அந்தத் தறிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் குனிந்தவர் நிமிரவில்லை. விரல்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் குழுவில் என்ன வந்திருக்கிறது என்று நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன். பிறகுதான் ஒரு குறை தெரிந்தது: திரையில் கொண்டையும் விரல்களும் இருந்தன, முகம் இல்லை. முகம் இல்லாத படத்தை யார் பார்ப்பார்கள்?

"கொஞ்சம் இங்கே பாருங்கம்மா" என்றேன்.

வயதில் பெரியவர், படித்தவர் கூப்பிட்டால் நிமிராமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். நிமிர்ந்தார். சிரிக்கக்கூடச் செய்தார். மறுபடி குனிந்துவிட்டார். நான் பஸ்ஸில் திரும்பும்போதே படத்தைக் குழுவில் போட்டேன். 'சிதறாத கவனம் என்றால் இதுதான்' என்று தலைப்பு வைத்தேன். வீடு வந்து சேர்வதற்குள் பாராட்டு குவிந்துவிட்டது. அது கைமாறிப் போய், பால்காரர்கூடப் பார்த்ததாகச் சொன்னார்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். பிணைப்பு முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டும். என்ன மறுபடியும் கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"கடைசியில ஒரு பழைய இழை துணையில்லாம நிக்குது சார். எங்கியோ புதுசுல ரெண்ட ஒண்ணா சேத்து முறுக்கிட்டேன். எங்கன்னு தெரில."

இரட்டையாக ஏறிய இழை அந்தப் பாவில் நெய்யும் மூன்று சேலைகளிலும் தலைப்பிலிருந்து முடிவு வரைக்கும் கோடு போட்டுக்கொண்டே போகும். அதற்கப்புறம் வரும் இழைகள் எல்லாம் ஓரிடம் தள்ளி நின்று, அரக்குக் கரையின் இழை பச்சை உடலுக்குள் புகுந்துவிடும். இடத்தைக் கண்டுபிடிக்காமல் தறியை ஓட்ட முடியாது. சாம்பல் படிந்த ஆயிரக்கணக்கான முறுக்குகளில் இரண்டு புது இழை கொண்டது ஒன்று. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் தேட வேண்டும்.

"கிடைச்சிடும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து காணொளியை வேகம் குறைத்து ஓடவிட்டேன். அவருடைய இடது கை புது இழை ஒன்றை எடுத்துவிட்டது. என் குரல் கேட்கிறது. நிமிர்கிறார், சிரிக்கிறார், குனிகிறார். எடுத்ததை மறந்து இன்னொன்றை எடுக்கிறார். இரண்டையும் சேர்த்து ஒரே முறுக்கு. இடமும் தெளிவாக இருந்தது: கரை முடிந்து நான்கு விரற்கடை தள்ளி. உலகத்தில் அந்த இடம் தெரிந்த ஒரே ஆள் நான். அவருடைய போன் எண்ணும் என்னிடம் இருந்தது.

கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால், சிதறாத கவனத்துக்கு உதாரணமாக நான் ஊரெல்லாம் காட்டிய படத்தில் இருப்பது கவனம் சிதறிய நொடி, சிதறடித்தவன் நான் என்றாகிவிடும். அவ்வளவு கைதேர்ந்தவர், தானே கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் எண்ணுக்கு விரல் போய்விடக் கூடாதென்று கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒருமுகம் குழுவில் நான் அடிக்கடி எழுதிய அறிவுரை அது. நானே கடைப்பிடித்தது அந்த ஒரு நாள்தான்.

அவர் இரண்டு நாள் தேடினார். மூன்றாம் நாள் முதலாளி வேறு ஆளைக் கூட்டிவந்து, பிணைத்தது முழுவதையும் அறுத்துவிட்டு முதலிலிருந்து பிணைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு இவரைக் கூப்பிடவில்லை. மற்ற தறிக்காரர்களும் கூப்பிடவில்லை.

நான்கு மாதம் கழித்து ரேஷன் கடையிலிருந்து வந்த மனைவி சொன்னாள், அந்த அம்மா ஜவுளிக் கடையில் சேலை மடித்துப் போடும் வேலைக்குப் போகிறாராம். "கண்ணு பூட்ச்சின்னு சொல்லிகினு இருக்காங்க. பாவம்" என்றாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கைபேசியை வாங்கி, காணொளியை இரண்டு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்க குரலு நல்லா கணீர்னு வுழுந்துகீது" என்றாள்.

நான் முதலில் செய்தது, படித்தவன் செய்யக்கூடியதைத்தான். உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடியே நான்கு பத்தி எழுதிக் குழுவில் போட்டேன். ஆறு பேர் கைகூப்பினார்கள். ஒருவர் 'அருமையான பதிவு சார்' என்றார். பெங்களூர் மாணவர் காணொளியின் இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று கேட்டார். அதற்குள் யாருக்கோ பிறந்த நாள் வந்து, கேக் படங்களுக்கு மேலே என் மன்னிப்பு எங்கோ போய்விட்டது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். காணொளியை அவர் பார்த்ததே இல்லை. அந்த இடத்தை நான்கு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.

"இது அன்னிக்கே உங்க கையில இருந்துச்சா?"

இருந்தது என்றேன்.

"நான் தேடிகினு இருக்கறேன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்றேன்.

"தலைய தூக்குனது என் தப்பு, அது போவட்டும். ஆனா கண்ணு பூட்ச்சின்னு ஊரே சொல்லி, எனக்கே சந்தேகம் வந்து ஆஸ்பத்திரியில எழுத்தெல்லாம் படிச்சிக் காட்டிட்டு வந்தேன் சார். கண்ணு நல்லாதான் கீதாம்." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

குழுவில் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அதில் முதலாளி இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை.

"அப்ப அது எதுக்கு? முள்ளிப்பட்டுக்கு வந்து வாயால சொல்லுங்க."

போனோம். முதலாளி கையில் இரண்டு போன்கள் இருந்தன. நான் ஆரம்பித்தேன், சேலைப் படம் கேட்டு யாரோ அழைத்தார்கள். மறுபடி ஆரம்பித்தேன், "சொல்லுங்க சார், கேட்டுகினுதான் இருக்கேன்" என்று ஒருவருக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறையும் பாதியில் நின்றது. என் வகுப்பில் பின் பெஞ்சுக்காரர்கள்கூட இவ்வளவு தொல்லை கொடுத்ததில்லை. ஆனால் கோபப்படும் தகுதி எனக்கு இல்லை.

"அண்ணா, போன கவுத்து வெயுங்க" என்றார் அந்த அம்மா.

வைத்தார். நான் முழுவதையும் சொன்னேன். படத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சிகினே கம்முனு இருந்தீங்களா?"

ஆமாம் என்றேன்.

"படிச்சவரு" என்றார். அவ்வளவுதான். பிறகு அந்த அம்மாவிடம், "வெள்ளிக்கிழமை ஒரு பாவு தீருது, வந்துடும்மா" என்றார். நான் எழுந்தபோது, "சார் வர வேணாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

இப்போது அவர் பழையபடி போய்வருகிறார். வழியில் பார்த்தால் தலையசைப்பார், நிற்க மாட்டார். குழுவையும் காணொளியையும் அழித்துவிட்டேன். ஆனால் போன வாரம் போளூரில் இருக்கும் உறவினர் ஒருவர் காலை வணக்கத்தோடு அதே காணொளியை எனக்கு அனுப்பியிருந்தார். யாரோ பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்திருக்கிறார்கள். அதில் என் குரல் அமுங்கிவிட்டது. யாரும் கூப்பிடாமலே அந்த அம்மா தானாக வேலையை விட்டு நிமிர்ந்து பார்ப்பதுபோல் இருக்கிறது.

அவர் தானாக நிமிரவில்லை. நான் கூப்பிட்டேன்.