சிவப்பும் பச்சையும் சேராது

எங்கள் அப்பா பொன்வேலைக்காரர். சண்டை தொடங்கியதும் சனம் நகை செய்வதை விட்டு, இருந்த நகையை விற்கத் தொடங்கியது. அப்பா துருத்தியை மூலையில் போட்டுவிட்டு, அடுத்த மாரியில் நெஞ்சு வலித்துச் செத்துப் போனார். எனக்கு மிஞ்சியது அந்தத் துருத்தியும் சிரட்டைக்கரி அடுப்பும்தான். பொன் இல்லை. உடைந்த கண்ணாடிக் காப்புகள் இருந்தன. அவற்றை உருக்கி மாலையில் கோக்கிற மணி செய்தேன். கலை, கத்தரிக்காய் என்று யாரும் எழுத வேண்டாம். வயிற்றுக்காகச் செய்தேன்.

சைக்கிள் சக்கரக் கம்பியில் புற்றுமண் குழைத்துப் பூசிக் காயவைப்பேன். நெருப்பில் இளகிய கண்ணாடியை அதில் சுற்றினால் தேன் மாதிரி வழிந்து உருண்டுகொள்ளும். அப்படியே வெளியே விட்டால் வெடிக்கும். உமிச்சாம்பல் நிரப்பிச் சுடவைத்த சட்டிக்குள் புதைத்து, மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும்.

நிறத்தோடு நிறம் சேர்த்துப் பார்ப்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் இருந்தது. வெள்ளைக்கு மேல் நீலம் நன்றாக நிற்கும். பச்சைக்குள் மஞ்சளைப் புதைத்தால், வாவியில் பாசி படிந்த இடத்தில் வெயில் விழுந்த மாதிரி இருக்கும். சிவப்பு கள்ளப்பயல். புகை பட்டால் ஈரல் மாதிரிக் கறுத்துப்போகும். புகையில்லாத நெருப்பில் திரும்பக் காட்டினால், செத்த முகத்தில் இரத்தம் ஏறுகிற மாதிரிச் சிவப்பு திரும்பி வரும். அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு முதுகு கூசும்.

போத்தில் கண்ணாடி காப்புக் கண்ணாடியோடு சேராது. ஆறும்போது ஒன்று கூடச் சுருங்கும், மற்றது குறையச் சுருங்கும். சாம்பலுக்குள் கிடந்தபடியே 'ணிக்' என்று உடையும். சிவப்புக் காப்பையும் பச்சைப் போத்திலையும் சேர்த்து நான் செய்த ஒரு மணிகூட முழுசாக வந்ததில்லை. இது கண்ணாடியின் குணம். வேறு ஒன்றுமில்லை.

பக்கத்து வளவுக்காரியின் புருசனை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் தன் சிவப்புக் காப்பையும் அவனுடைய பச்சைச் சாராயப் போத்திலையும் கொண்டுவந்தாள்.

"ரெண்டையும் சேத்து ஒரு மணி செய்து தாகா. கழுத்தில கிடக்கட்டும்."

"சேராது புள்ள, வெடிக்கும்."

"நாங்க மட்டும் சேந்தா இருந்தம்? ஒரே சண்டைதானே. செய்யிகா."

செய்தேன். அவள் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கும்போதே 'ணிக்' என்றது. மறுநாள் காலையில், வாவி அவனைக் கண்டல் வேர்களுக்குள் கொண்டுவந்து போட்டிருந்தது.

அதோடு தொடங்கியது. ஒரு கையில் காப்பு, மறுகையில் காணாமற்போனவனின் மருந்துப் போத்தில், எண்ணெய்ப் போத்தில் என்று பெண்கள் வந்தார்கள். "சொல்லுகா, இரிக்காரா இல்லையா?"

"நான் என்ன சாமியாடுறவளா? பிடிச்சவனிட்டப் போய்க் கேளுங்க!" என்று கத்தினேன். கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பிடித்தவன் வாயைத் திறக்கவில்லை. என் சட்டிதான் வாயைத் திறந்தது. மாட்டேன் என்றால் வேலிக்கு வெளியே குந்தியிருப்பார்கள். வெடிக்கும் என்று சொல்லிச் சொல்லித்தான் செய்து கொடுத்தேன். அவர்கள் அதைக் கேட்கவில்லை. சட்டியைச் சுற்றியிருந்து சாம்பலைக் கேட்டார்கள். அத்தனை பெண்கள் கூடியிருந்தும் வளவில் மூச்சுச் சத்தம்கூட இராது. பிறகு 'ணிக்' என்னும். ஒருத்தி எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்து போவாள்.

என் தங்கச்சியின் புருசன் இறால் விற்கப் போன வழியில் காணாமற்போனவன். அவனுடைய தாய், செத்தவனாக நினைத்துக் காரியம் செய்வோம், பொட்டை அழி என்று இவளை நெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தங்கச்சி தன் சிவப்புக் காப்பைக் கழற்றினாள். அவன் தோணியில் கொளுத்துகிற பச்சைப் போத்தில் விளக்கைக் கல்லில் குத்தி உடைத்தாள்.

"வெடிச்சா பொட்டை அழிக்கிறன். வெடிக்காட்டி மாமி வாயை மூடட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மடத்தனத்தை இன்றோடு முடிக்கிறேன் என்று எல்லோரையும் கூப்பிட்டேன். அவளுடைய மாமியையும் வரச்சொன்னேன்.

"இஞ்ச பாருங்க. இது வெடிக்கும். அவன் இப்ப இந்த வேலிப் படலையில வந்து நிண்டாலும் வெடிக்கும். வெடிச்ச மறுகா ஒருத்தியும் இவளின்ட பொட்டைப் பத்திக் கதைக்கப்படாது. விளங்கிச்சா?"

"நீ செய் அக்கா" என்றாள் தங்கச்சி.

அவர்கள் கண் முன்னால் சிவப்பை உருட்டி, அதன் மேல் பச்சையைத் தடிப்பாகச் சுற்றினேன். தடித்தால் இன்னும் சுறுக்காக வெடிக்கும் என்றும் சொல்லிவிட்டுத்தான் சட்டிக்குள் புதைத்தேன்.

நல்ல மத்தியான வெயில். வாவிக் காற்று நின்றுபோயிருந்தது. பக்கத்து வளவுக்காரி குனிந்து குனிந்து, கன்னத்தில் சாம்பல் ஒட்டுமளவுக்குக் காதைக் கொண்டுபோனாள். சத்தம் இல்லை. நிழல் கிணற்றடி தாண்டியது. சத்தம் இல்லை. வெடித்துத் தொலையேன் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

சட்டி குளிர்ந்ததும் கிளறினேன். முழுசாகக் கிடந்தது. ஒரு கீறல் இல்லை. பச்சைக்குள் சிவப்பு, மூடாத கண் மாதிரி. கோபத்தில் அதைக் கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் எறிந்தேன். அதற்கும் உடையவில்லை.

மாமி தலையிலடித்துக்கொண்டு மருமகளைக் கட்டிப்பிடித்தாள். பக்கத்து வளவுக்காரி எழுந்து கன்னத்தைத் துடைத்தாள்.

"அப்ப என்ட மணி சும்மா வெடிக்கயில்ல, என்னகா?"

அந்தப் பேச்சைக் கொல்லக் கூட்டிய கூட்டத்தில் அதற்கு உயிர் கொடுத்து அனுப்பினேன்.

மிஞ்சிய அதே காப்பையும் அதே விளக்குக் கண்ணாடியையும் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். தடிப்பாக, மெல்லிசாக, பச்சை உள்ளே, சிவப்பு உள்ளே. எல்லாம் வெடித்தன. உடைந்த துண்டுகளை அள்ளிக்கொண்டுபோய்த் தங்கச்சிக்குக் காட்டினேன். "அதுகள் கண்ணாடி அக்கா. இது அவர்" என்றாள். வீட்டுக்கு வந்து துருத்தியைக் கத்தியால் கிழித்தேன்.

சண்டை முடிந்தது. அவன் வரவில்லை. காரியம் நடக்கவில்லை. அவள் பொட்டு வைத்துக்கொண்டு, கழுத்தில் அந்த மணியோடு இருக்கிறாள். அது உடைந்து தொலையட்டும், இவள் அழுது முடிக்கட்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

போன கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பை ஊதக் குனிந்தாள். நூல் சரிந்து, மணி நெருப்புக்கு மேல் தொங்கியது.

"குனியாதடி! கழுத்தில அது கிடக்கு!" என்று கத்தினேன்.

அவள் மணியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"அது வெறும் கண்ணாடிதானே அக்கா?"