வீட்டுக்குள் ஒரு மாரி

தேர்வு மேற்பார்வைப் பட்டியல் வந்திருக்கும் என்று துறை வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். முத்துச்செல்வி மேடம் மாரடைப்பில் காலமானார் என்று இருந்தது. இந்த அஞ்சலியை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

சிவகாசிக்குப் பக்கத்தில் எங்கள் பொறியியல் கல்லூரியில் நிரல்மொழிக் கோட்பாடுகள் பாடத்தை ‘ஏ’ பிரிவுக்கு அவரும் ‘பி’ பிரிவுக்கு நானும் பதினோரு வருடம் நடத்தினோம். பிள்ளைகளில் பாதிப்பேர் பட்டாசு கம்பெனித் தொழிலாளர் வீட்டிலிருந்து தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். திரையில் ஆங்கிலத்தில் சிவப்பாகப் பிழைச்செய்தி வந்தாலே கையை எடுத்துவிடுவார்கள். மேடம் அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். “திட்டுதுன்னு நெனைக்காதீக. எந்த வரியில தப்புன்னு சொல்லுது, அம்புட்டுதான்” என்பார்.

நிரலுக்குப் பொதுவாக ஒரு மாறி (வேரியபிள்), அதன் உட்பகுதி ஒன்றில் அதே பெயரில் இன்னொரு மாறி இருந்தால் கணினி எதை எடுக்கும்? நான் பலகை நிறையக் கட்டம் போடுவேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். இருக்கன்குடி மாரியம்மன் புண்ணியத்தில் எங்கள் வகுப்புகளில் மாரி என்று பெயர் கொண்டவர்களுக்குப் பஞ்சமில்லை. மேடம் அதைப் பிடித்துக்கொண்டார். “வீட்டுக்குள்ள நின்னு மாரின்னு கூப்பிட்டா, வீட்டுல இருக்க மாரிதான் வருவா. உள்ள யாரும் இல்லேன்னாத்தான் தெருவுல நிக்கிற மாரி திரும்பிப் பாப்பா.”

கதை சொல்லியே காலத்தை ஓட்டுகிறார் என்று ஆசிரியர் அறையில் கிண்டலடித்தேன். அடுத்த வாரமே என் வகுப்பில் அதையே, என் சொந்தச் சரக்குபோலச் சொன்னேன். எல்லோருக்கும் புரிந்தது. விஷயம் தெரிந்து மேடம் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சிரித்தபடி கேட்டார். கூசாமல் இல்லையென்றேன். அவர் துவையல் டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பேச்சை மாற்றினார். உண்மையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தே வருடங்கள் போய்விட்டன.

போன வாரம் இரண்டு பிரிவையும் சேர்த்து உட்காரவைத்து அந்தப் பாடத்தை எடுத்தேன். இது மேடம் சொன்னது, நான் திருடியது என்று முதலில் சொன்னேன். நாரணாபுரத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். அவள் அக்கா மேடத்திடம் படித்தவளாம்.

“அக்காவுக்கு இது மண்டையில ஏறவேயில்ல சார். பி செக்சன் சார் என்னைய விட நல்லாச் சொல்றாக, அங்கன போயி ஒருதடவ கேளுன்னு மேடம்தான் அனுப்புனாகளாம்.”

மேடம் என்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். எதிர் நாற்காலியில் ஒரே ஒரு மதியம் அவர் வந்து உட்கார்ந்தால் போதும். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.