ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் அரை மணி

மைசூருக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே நான் பலமுறை ஆகாயத்தில் பறந்திருக்கிறேன். பொய்தான். திம்பம் மலை வளைவுகளில் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் எழும்பி எழும்பி விழுவோமே, அதைச் சொல்கிறேன். நான் பறந்தது அவ்வளவு உயரம்தான்.

ஆனால் ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்காரருக்கு இது புரிவதில்லை. துபாயில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருக்கும் மனிதர். எந்தத் தூரத்தையும் ஏர்போர்ட் கணக்கில்தான் அளப்பார். "உங்க ஏர்போர்ட்டுல ஏறுனா அரை மணி நேரத்துல பீளமேட்டு ஏர்போர்ட்டுல எறங்கிரலாமுங்க மச்சான்" என்றார் போனில். மைசூரில் ஏர்போர்ட் இருக்கிறது, விமானம்தான் இல்லை என்றேன். சிரித்தார். அரண்மனை இருக்கிற ஊரில் விமானம் இல்லாமலா என்றார்.

நானும் ஒருநாள் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தவன்தான். ஓடுபாதைப் பக்கம் மாடுகள் மேய்ந்தன. காவலாளியிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் விமானம் பற்றிக் கேட்டேன். அவர் என் லுங்கியையும் தலைத்துண்டையும் பார்த்துவிட்டு, புல் அறுக்க வந்தவன் அரிவாளை எங்கே விட்டாய் என்று கேட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு விமானம் ஏறும் முகம் எப்படி அமையும்?

சிக்கல் இதுதான். தங்கை மகளுக்குக் காதுகுத்து, காலையிலேயே முகூர்த்தம். தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்கு முந்தின நாள் இங்கே மைசூர் விஜயநகரில் நான் கொத்து வேலை பார்க்கும் வீட்டுக்குக் கூரை காங்கிரீட். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, பொழுது சாய்ந்துவிடும். ராத்திரியில் மலைப்பாதையின் காட்டுச் சோதனைச் சாவடியை அடைத்துவிடுவார்கள். விடிந்து முதல் பஸ் ஏறினால் மத்தியானம்தான் போய்ச் சேரலாம். இதையெல்லாம் போன் பூத்தில் நின்று, பின்னால் ஆள் முணுமுணுக்க, மாப்பிள்ளைக்கு விளக்கினேன்.

"வர மனசில்லீன்னா நேரா சொல்லீருங்க மச்சான். ஏரோப்ளேன் மேல பழி போடாதீங்க" என்று வைத்துவிட்டார். அவருடைய அண்ணன் மடியில் குழந்தையை வைத்துவிடுவார்களோ என்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தேன். விடிந்ததும் தங்கைக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டுக் கூரை ஏறினேன்.

கலவைச் சட்டி கைமாறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அரை மணிக் கணக்கைக் கூட இருந்தவர்களுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து போன் என்று பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டார். ஓடினேன். சிமெண்டுக் காலோடு மொசைக் தரையில் விடுவாரா? ஜன்னல் கம்பி வழியாக ரிசீவரை நீட்டினார்.

"அண்ணா, முகூர்த்தத்த நாளைக்கு மத்தியானத்துக்கு மேல மாத்தியாச்சுங்க. உங்க மடியிலதான். அவரு ஏர்போர்ட்டுக்கு வரட்டுமான்னு இன்னும் கேக்கறாரு."

வேண்டாம், சத்தியமங்கலம் பஸ் நிற்கிற இடத்துக்கு வரச் சொல், அங்கே இறங்கி நான்... என்று சொல்ல ஆரம்பித்தேன். எங்கே போனாய், சீக்கிரம் வா என்று கூரையிலிருந்து மேஸ்திரி கன்னடமும் தமிழும் கலந்து கத்தினார்.

"எல்லோ ஹோதெ? பேக பாரோ, கலவை இறுகுது!"

ரிசீவரோடு கூரைப் பக்கம் திரும்பி "வர்றேன்" என்றேன். தங்கை, "சரிங்கண்ணா, வாங்க" என்றாள். மேஸ்திரியும் சரி என்றார்.