கறார் அக்கா போட்ட பூஜ்யங்கள்

அந்தக் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் முதுகுக்குப் பின்னால் அவள் கறார் அக்கா; முகத்துக்கு நேரே வெறும் அக்கா. கப்பல்கள் அளந்து கொண்டுவரும் உப்பு, வெப்பம், ஆக்சிஜன் என்று அத்தனை தரவும் அவள் பொறுப்பில்தான். அளந்த தேதியோ ஆழமோ விடுபட்டிருந்தால், எப்பேர்ப்பட்ட விஞ்ஞானியாக இருந்தாலும் ஃபைல் வந்த வழியே திரும்பிவிடும். "எங்க வீட்டு சர்க்கரை டப்பாவுலகூட தேதி ஒட்டியிருக்கு" என்று கணவர் அலுத்துக்கொள்வார். அதில் பொய் இல்லை.

பிரிவுத் தலைவி பதவி அடுத்த மாதம் அவளுக்குத்தான் என்று பேச்சு. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த பதவி.

அந்த நேரம் பார்த்தா ஓர் இளம் விஞ்ஞானி துள்ளிக்கொண்டு வரவேண்டும்!

"அக்கா, பழைய தரவைப் பாருங்க. இருநூறு மீட்டர் ஆழத்துல ஆக்சிஜனே இல்ல. நூத்தி முப்பத்தேழு இடத்துல பூஜ்யம். திங்கக்கிழமை கட்டுரையை அனுப்புறேன்."

அக்கா திரையில் தேதியைப் பார்த்தாள். அது அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷத்துத் தரவு. கருவி பழுதாகி, அளக்காமல் விட்ட இடங்கள் நிறைய. கட்டத்தைக் காலியாக விட்டால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அடுத்த வரிக்கு நகராது. பூஜ்யம் தட்டினாள், நகர்ந்தது. அளக்காதது வேறு, இல்லாதது வேறு என்று இன்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவள் அன்று செய்த காரியம் அது. வாயை மூடிக்கொண்டால் ஈ, காக்காய்க்குத் தெரியாது.

"அனுப்பாதே," என்றாள். "அதுல எத்தனை நிஜம், எத்தனை நான் தட்டினதுன்னு பாக்கணும்."

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. "ரெண்டு வருஷ உழைப்பு அக்கா இது."

"தெரியும்மா. திட்டணும்னா திட்டிக்கோ. ஆனா அனுப்பாதே."

மறுநாளே ஸ்டோர் ரூமிலிருந்து கப்பல் பதிவேடுகளை இறக்கினாள். நாற்பத்தோரு நோட்டு. தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. பென்சில் எழுத்தோடு ஒவ்வொரு பூஜ்யத்தையும் ஒத்துப் பார்த்தாள். ஒன்பது நாளில் தெரிந்துவிட்டது: நூற்று இருபத்தாறு இவள் கைவேலை, பதினொன்றுதான் உண்மை.

விஷயத்தைக் கேட்டதும் இயக்குநர் கதவைச் சாத்தினார். "சத்தமில்லாம சரிபண்ணிடுங்கம்மா. பதவி லிஸ்ட் வர்ற நேரம்."

"பழைய எண்ணை அழிக்கக் கூடாது சார். என்ன தப்பு, யாரு செஞ்சதுன்னு பக்கத்துலயே எழுதணும். நம்ம விதிதானே?"

"எழுதுங்க. பேரு எதுக்கு?"

"மத்தவங்க தப்புக்கெல்லாம் பேரைக் கேட்டு வாங்கி எழுதினேனே சார்."

எழுதினாள். அந்தத் தரவை வாங்கிய எல்லோருக்கும் திருத்தம் போனது. பதவி வேறொருவருக்குப் போனது. வலிக்கவில்லை என்றால் பொய். அன்று மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பியது.

அடுத்த வாரம், அவளோடு ஃபைலுக்கு ஃபைல் மல்லுக்கு நிற்கும் மூத்த விஞ்ஞானி வாசலில் வந்து நின்றார்.

"என் ஃபைல்லயும் ஒரு தப்பு இருக்கும்மா. எட்டு வருஷமா சொல்லல."

"ஏன் சார்?"

"உங்களுக்குப் பயந்துதான்."

தனக்குப் பயந்து இந்தக் கட்டிடத்தில் எத்தனை பேர் எத்தனை தப்பை மூடி வைத்திருக்கிறார்களோ என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். எந்தக் கப்பல்?"