ஆவுடைத்தாய் போடாத சூடு

காய்ச்சலில் துவண்டு வரும் ஒரு கிராமத்துப் பெண்ணின் இடுப்பில் வட்டமாகக் கருகிய புண்ணைப் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்? சூடு போட்டிருக்கிறார்கள், மூடர்கள் என்றுதானே?

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் சோலையின் மனைவி ஆவுடைத்தாய்க்குச் சூட்டுக்கம்பி என்றாலே ஆகாது. காமாலை வந்த தம்பிக்குச் சின்ன வயதில் சூடு போட்டார்கள். புண் சீழ்பிடித்துச் செத்தான். பிறகு மகளுக்குக் காமாலை கண்டபோது ஊரில் சூடு போடும் வன்னியபெருமாள் கம்பியோடு வாசலில் வந்து நின்றார். அவள் மறித்தாள்.

“அண்ணாச்சி, மொதல்ல ஒம்ம முதுகுல வச்சுக் காட்டும். சுகமா இருந்தா எம்பிள்ளைக்கு வையும்.”

தெருவே சிரித்தது. மகள் பிழைத்தாள். அதன்பின் அந்தத் தெருவில் யாரும் கம்பியைக் காய்ச்சவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் மார்கழி. மழைக்குப் பிறகு ஓடைக்கரையெல்லாம் புல். எருமைக்குப் புல்லறுக்கப் போனவளை உண்ணிக்குஞ்சு கடித்தது. மாட்டில் ஒட்டும் உண்ணி இல்லை இது; வளர்ந்தது மண்ணில் பூச்சிமுட்டை தின்று கிடக்கும்; ஆளைக் கடிப்பது இந்தக் குஞ்சுதான். கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது. சேலை இறுகும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சில நாளில் கடிவாய் கருகும், காய்ச்சல் கொதிக்கும்.

சோலை அவளை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டு போனான். டாக்டர் புண்ணைப் பார்த்ததும் சீறினார்.

“சூடு போட்டுட்டுத்தான் இங்க தூக்கிட்டு வருவீங்களா?”

“இல்லய்யா. சூடு போட வந்தவரையே வெரட்டுனவய்யா இவ.”

“அப்ப இது தானா முளைச்சுதோ?”

பதிலுக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. தீக்காயத்துக்குக் களிம்பும், காய்ச்சலுக்கு ஏதோ ஓர் ஊசியும். இந்த நோயைத் தீர்க்கும் மாத்திரை அதே ஆஸ்பத்திரியில் இருந்தது.

ஆவுடைத்தாய் சோலையின் கையைப் பிடித்தாள். “நான் போட்டுக்கிடலன்னு சொல்லுங்க. இல்லன்னா போட்டுக்கிட்டேன்னே ஊருல நம்பிருவாவ.”

அவள் பிணமாகத்தான் ஊர் திரும்பினாள். குளிப்பாட்டிய பெண்கள் கரும்புண்ணைப் பார்த்தார்கள்.

“ஊருக்கெல்லாம் வேண்டாம்னவ, தனக்கு மட்டும் ரகசியமா வச்சுக்கிட்டாளேட்டி!”

சோலை கதறிக் கதறிச் சொன்னான். யார் கேட்டார்கள்? மறுவாரமே அந்தத் தெருவில் ஒரு பிள்ளையின் வயிற்றில் சூட்டுக்கம்பி பதிந்தது.

அது உண்ணிக்காய்ச்சல் என்று வேறொரு டாக்டர் சொல்லச் சோலைக்குத் தெரிந்தபோது சில வருஷம் ஓடிவிட்டது. படித்தவனின் அவசரமும் ஒரு மூடநம்பிக்கைதான். அதுவும் ஆளைக் கொல்லும்.

இனி அப்படிப்பட்ட புண்ணைக் கண்டால் திட்டாதீர்கள். புல்லறுக்கப் போனாயா என்று கேளுங்கள். அவள் சொல்வதை நம்புங்கள். அந்தத் தெருப்பக்கம் போனால், ஆவுடைத்தாய் சூடு போட்டுக்கொள்ளவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.